உங்களுக்குத் தெரியுமா? வெக்கையில் விளையும் காளான்

தாம்பரம், சேலையூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கீரை வாடி நிற்கும். அதே நாட்களில் வீட்டின் ஓர் அறைக்குள் விற்பனைக்கு விளையக்கூடிய பயிர் ஒன்று உண்டு: பால் காளான். மொட்டுக் காளான் முளைக்க 14 முதல் 18 டிகிரி குளிர் வேண்டும். நம் ஊரில் ஏசிக்கான மின்கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். பால் காளானோ 30 முதல் 35 டிகிரியில்தான் செழிக்கும். மேற்கு வங்கத்தில் 1974-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இதை, 1990களின் பிற்பகுதியில் வணிகப் பயிராக வளர்த்தெடுத்த பெருமை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு உரியது.

வேகவைத்த வைக்கோலையும் காளான் வித்தையும் பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக நிரப்பி இருட்டறையில் வைப்பார்கள். பை முழுதும் வெள்ளை இழை படர்ந்ததும் அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே பரப்பி, தண்ணீர் தெளிப்பார்கள். சில நாளில் அந்த மண்ணைப் பிளந்துகொண்டு தடித்த வெள்ளைத் தண்டுகள் எழும்பும். பறித்து இரண்டு மூன்று நாள் வெளியில் இருந்தாலும் நிறம் மங்காது. உள்ளூர்க் காய்கறிக் கடைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வீட்டில் காலி அறை வைத்திருப்பவர்கள், பணம் போடுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் விசாரித்து வாருங்கள்.