கிபிரின் எஞ்சினும் ஒட்டாவாவின் கையெழுத்தும்

வடக்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அரிச்சுவடியோடு சேர்ந்து இன்னுமொரு பாடம் இருந்தது. மேலே சத்தம் கேட்டவுடன் என்ன வருகிறதென்று சொல்லிவிடுவார்கள். ஹெலியா, அவ்ரோவா, சியாமாச்செட்டியா, புக்காராவா, கிபிரா? பங்கருக்குள் ஓடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அந்தப் பெயரில்தான் தங்கியிருந்தது.

இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இலங்கையில் செய்யப்பட்டதல்ல. சியாமாச்செட்டி இத்தாலி நாட்டு 'சியாய் மார்க்கெட்டி' விமானம். எங்கள் வாய்க்கு வந்ததும் செட்டியாராகிவிட்டது. புக்காரா ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்தது. அவ்ரோ பிரித்தானியாவுடையது. பெல் ஹெலி அமெரிக்கக் கம்பனியின் தயாரிப்பு. கிபிர் இஸ்ரேலுடையது. எபிரேய மொழியில் 'கிபிர்' என்றால் சிங்கக்குட்டி என்று பொருள். பெயர்ப் பொருத்தத்துக்குக் குறைவில்லை!

இவை ஒவ்வொன்றும் ஏதோவொரு தலைநகரத்தில், ஏதோவொரு மேசையில், ஒருவர் கையெழுத்து வைத்த பின்னர்தான் எங்கள் வானத்துக்கு வந்தன. அந்தக் கையெழுத்துத்தான் ஏற்றுமதி அனுமதி. ஆயுதத்தையோ, ஆயுதமாக மாற்றக்கூடிய பொருளையோ ஒரு நாட்டிலிருந்து வெளியே அனுப்புவதானால் அந்நாட்டு அரசு முதலில் சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், எப்போது மறுக்க வேண்டும் என்பதைப் பற்றியதுதான் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். வக்கீல்மாரின் விஷயம் என்று இதை நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் உலகத்தில் இந்தச் சட்டத்தின் ஓட்டைகளைத் தலைக்கு மேலே பார்த்து அறிந்த சனங்களில் நாங்களும் அடக்கம்.

முதலாவது ஓட்டையைப் பாருங்கள். சியாமாச்செட்டி விமானிகளைப் பழக்குவதற்கென்று செய்யப்பட்ட சிறிய விமானம். பெல் ஹெலி ஆட்களை ஏற்றி இறக்கச் செய்தது. சீனாவின் வை-12 சாமான் ஏற்றுகிற விமானம். காகிதத்தில் பார்த்தால் இவை பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் உரியவை. ஆனால் ஒன்றில் ரொக்கெற்றைப் பூட்டினார்கள், ஒன்றில் துப்பாக்கியைப் பூட்டினார்கள், மற்றதில் குண்டு ஏற்றினார்கள். பொருளின் பெயரை மட்டும் பார்த்து அனுமதி கொடுத்தால் இப்படித்தான் முடியும். வாங்குபவர் யார், அவர் இதை என்ன செய்வார் என்ற கேள்விதான் முக்கியம்.

இதையே தலைகீழாகவும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி, சிமெந்து, பெற்றோல், யூரியா போகக்கூடாதென்று அரசாங்கம் தடை போட்டது. காரணம் பாதுகாப்பு என்றார்கள். பற்றறி வெடியில் பாவிக்கப்படலாம், சிமெந்து பங்கருக்குப் போகலாம். அதன் பலன்? பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், யுத்தம் நிற்கவில்லை. ஆகவே 'கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டத் தேவையில்லை. ஒரு சனத்தொகையையே சந்தேகித்துப் பட்டியல் போடுவது ஒன்று. குறிப்பிட்ட பொருள் குறிப்பிட்ட கைக்குப் போவதை மறிப்பது வேறொன்று. நல்ல சட்டம் இரண்டாவதைச் செய்யவேண்டும்.

கிபிரின் கதை இன்னும் விசேஷமானது. அதன் உடல் இஸ்ரேலுடையது என்றாலும் அதற்குள் இருக்கும் எஞ்சின் அமெரிக்காவின் ஜே-79. அமெரிக்கப் பாகம் உள்ள ஆயுதத்தை இஸ்ரேல் மூன்றாவது நாட்டுக்கு விற்பதானால் வாஷிங்டனின் சம்மதம் வேண்டும். இது வெறும் சம்பிரதாயமல்ல. 1977இல் எக்குவடோருக்குக் கிபிர் விற்க இஸ்ரேல் தயாராக இருந்தபோது ஜனாதிபதி கார்ட்டரின் அரசாங்கம் அந்த எஞ்சினைக் காட்டியே விற்பனையை நிறுத்தியது. ஒரு பாகத்துக்குரிய நாடு முழு விமானத்தையும் மறிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1996இல் கிபிர்கள் கொழும்புக்கு வந்தபோது அதே எஞ்சின்தான் இருந்தது, ஆனால் யாரும் மறிக்கவில்லை. 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி செஞ்சோலையில் பள்ளி மாணவிகள் மீது குண்டு போட்டவை கிபிர்கள்.

இனிப் பிரித்தானியா. யுத்தம் முடிந்த 2009இல், ஓகஸ்ட் மாதம், அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் ஆயுத ஏற்றுமதிக் குழுக்கள் ஓர் அறிக்கை வெளியிட்டன. இலங்கைக்குக் கொடுத்த அனுமதிகளை மீளப் பார்க்கும்படியும், பிரித்தானியாவின் பொருட்கள் இறுதி யுத்தத்தில் பாவிக்கப்பட்டனவா என்று ஆராயும்படியும் அரசைக் கேட்டன. அதிலே ஒரு நியாயமான அவதானிப்பும் இருந்தது. சமாதான காலத்தில் அனுமதி கொடுக்கும்போது, பின்னர் யுத்தம் தொடங்கினால் அந்தப் பொருள் எப்படிப் பாவிக்கப்படும் என்று கணிப்பது கஷ்டம் என்பதே அது. 2002 ஒப்பந்தத்தின் பின் கையெழுத்து வைத்தவர்களுக்கு 2009 தெரிந்திருக்காது. உண்மைதான். ஆனால் இரும்பு காகிதத்தைவிட நீண்ட காலம் உழைக்கும். கையெழுத்து வைப்பவர் அதை யோசிக்க வேண்டும். அந்த யுத்தத்தின் கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கலாமென்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது.

அமெரிக்கா 2007 கடைசியில் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம், மனித உரிமை நிலைமை திருந்தும்வரை இலங்கைக்கு இராணுவப் பொருட்கள் அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. ஆனால் கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கு விலக்கு வைத்தது. அந்த இடைவெளியைச் சீனாவும் பாகிஸ்தானும் வேறு நாடுகளும் நிரப்பின. ஒருவர் கதவைச் சாத்தினால் பக்கத்துக் கடை திறந்திருக்கிறது என்பது இந்த விஷயத்தின் பெரிய பலவீனம். அதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அது கள்ளுக்கடைக்காரரின் நியாயம்போலத்தான் படுகிறது.

சரி, நாங்கள் இப்போது இருக்கும் நாடு எப்படி? கனடாவின் ஏற்றுமதி இறக்குமதி அனுமதிச் சட்டம் 1947இல் வந்தது. 1986இல் ஒட்டாவா ஒரு கொள்கையை அறிவித்தது. யுத்தம் நடக்கும் நாடுகளுக்கும், சொந்த மக்களின் உரிமைகளைத் தொடர்ந்து மோசமாக மீறும் அரசுகளுக்கும் இராணுவப் பொருட்கள் போவதை இறுக்கமாகக் கட்டுப்படுத்துவது என்பது அந்தக் கொள்கை. அதே 1986 ஓகஸ்டில்தான் எம்மவர் 155 பேரை நியூபவுண்லாந்துக் கடலில் மீனவர்கள் உயிர்காப்புப் படகுகளிலிருந்து காப்பாற்றினார்கள். ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையை அமைச்சர் விரும்பினால் வளைக்கலாம்.

2014இல் லண்டன் ஒன்ராறியோவில் செய்யப்படும் கவச வாகனங்களைச் சவூதி அரேபியாவுக்கு விற்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பெறுமதி சுமார் 14 பில்லியன் டொலர். 2016இல் வெளிவிவகார அமைச்சர் ஸ்ரெபான் டியோன் அனுமதிப் பத்திரங்களில் கையெழுத்திட்டார். மொன்றியல் சட்டப் பேராசிரியர் டானியல் ரேர்ப் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2017இல் சமஷ்டி நீதிமன்றம் அமைச்சருக்கு அந்த அதிகாரம் உண்டென்று தள்ளுபடி செய்தது. லண்டனில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் இதில் இருந்தது. அதைச் சின்ன விஷயமென்று ஒரு தொழிலாளி சொல்லமாட்டான்.

2019 செப்டெம்பர் 17இல் கனடா சர்வதேச ஆயுத வர்த்தக உடன்படிக்கையில் சேர்ந்ததோடு சட்டம் மாறியது. இப்போது ஒரு பொருள் யுத்தச் சட்டத்தையோ மனித உரிமையையோ பாரதூரமாக மீறவும், பயங்கரவாதத்துக்கும், பெண்கள் சிறுவர்கள் மீதான வன்முறைக்கும் பயன்படக்கூடுமா என்று அமைச்சர் பார்த்தே ஆகவேண்டும். கணிசமான ஆபத்து உண்டென்றால் அனுமதி கொடுக்கவே முடியாது.

அதன்பின் நடந்த ஒரு சம்பவம் எங்களுக்குக் கிட்ட. ஹமில்ரன், பேர்லிங்டன் பக்கம் வெஸ்காம் என்ற கம்பனி விமானங்களுக்குப் பூட்டும் கமரா செய்கிறது. இரவிலும் தூரத்து இலக்கைக் காட்டிக்கொடுக்கும் கமரா. துருக்கி அதை வாங்கித் தன் ஆளில்லா விமானங்களில் பூட்டியது. 2020 இலையுதிர் காலத்தில் நாகோர்னோ கரபாக் யுத்தத்தில் அஸர்பைஜான் அந்த விமானங்களைப் பாவித்தபோது ஒட்டாவா அனுமதிகளை இடைநிறுத்தியது. விசாரித்துப் பார்த்து, 2021 ஏப்ரல் 12இல் வெளிவிவகார அமைச்சர் மார்க் கார்னோ 29 அனுமதிப் பத்திரங்களை இரத்துச் செய்தார். துருக்கி கொடுத்த வாக்குறுதிக்கு மாறாகக் கமராக்கள் போயிருக்கின்றன என்பதே காரணம். யுத்தம் அதற்குள் முடிந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2024இல், சுவீடன் நேட்டோவில் சேருவதற்குத் துருக்கி இணங்கியபின், அந்தக் கதவு மீண்டும் திறக்கத் தொடங்கியது. இன்னுமொரு பெரிய ஓட்டை, அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான இராணுவப் பொருட்களுக்கு அனுமதியே தேவையில்லை என்பது. அங்கிருந்து அவை எங்கே போகின்றன என்பது இங்கே கணக்கில் வராது.

எம்மவர் பலர் மெஷின் ஷொப்பில் வேலை செய்கிறோம். கையில் வரும் துண்டுக்கு நம்பர் இருக்கும், பெயர் இருக்காது. அது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கா ஏவுகணைக்கா என்று தெரியாது. ஆனால் இராணுவப் பாகமானால் முதலாளி 'கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் திட்டத்தில்' பதிந்திருக்கவேண்டும். அதைத் தொடும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு மதிப்பீடு செய்யவேண்டும். பிறந்த இடம், இருந்த முகவரிகள், முன்னைய வேலைகள் எல்லாம் கேட்பார்கள். பயப்படவேண்டாம், அப்படிக் கேட்பது சட்டப்படியானது. உண்மையையே எழுதுங்கள்.

ஆனால் பிறந்த நாட்டை மட்டும் காட்டி வெளியே தள்ளுவது வேறு விஷயம். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 2008 முதல் 2016 வரை அமெரிக்க ஆயுத விதிகளின் தடைப் பட்டியலில் இலங்கையின் பெயர் இருந்தது. எம்மைக் காப்பாற்றப் போட்ட பட்டியல், அமெரிக்கப் பாகம் செய்யும் தொழிற்சாலைகளில் 'இலங்கையில் பிறந்தவர்' என்று எழுதியவருக்கே இடைஞ்சலாகக்கூடியதாக இருந்தது! கியூபெக்கில் ஹெயிற்றியில் பிறந்த கனேடியர் ஒருவர் இப்படிப் பயிற்சி இடத்தை இழந்து முறையிட்டார். அவருடைய விஷயம் 2008இல் அம்மாகாண மனித உரிமை ஆணைக்குழு மூலம் இணக்கத்துக்கு வந்தது. குடியகல்ந்த தொழிலாளர்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டிய சங்கதி இது.

கடைசியாக, கதைக்க விரும்பாத ஒன்று. 2006 ஓகஸ்டில் ரொறன்ரோப் பகுதி இளைஞர்கள் சிலர் நியூயோர்க்கில் தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணை வாங்கப்போய்க் கைதானார்கள். விற்பவர்போல வந்தவர் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் ஆள். 2010இல் சிலருக்கு 25 வருடத்துக்குக் குறையாத சிறை. கிபிரை விழுத்துவதுதான் அவர்களுடைய நோக்கம். சட்டம் நோக்கத்தைக் கேட்பதில்லை. கிபிருக்கு வைக்காத பூட்டை ஏவுகணைக்கு வைத்தார்கள் என்ற கோபம் எம்மவரிடம் இருக்கிறது, அது விளங்கக்கூடியது. ஆனால் அத்தகைய ஏவுகணை ஒன்று கைமாறிப்போனால் பயணிகள் விமானத்தையும் விழுத்தும். பூட்டு இரண்டு பக்கமும் வேண்டும். இரவு பார்க்கும் கண்ணாடி, ட்ரோன் போன்றவற்றை ஊருக்குப் பெட்டியில் போட்டு அனுப்ப யாராவது கேட்டால், முதலில் அனுமதி வேண்டுமா என்று விசாரியுங்கள்.

கனடா எந்த நாட்டுக்கு எவ்வளவு இராணுவப் பொருள் விற்றது என்ற அறிக்கையை அரசாங்கம் வருடந்தோறும் மே 31க்குள் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். அமெரிக்காவுக்குப் போனதில் பெரும்பகுதி அதில் இருக்காது. மற்றவை நாடு நாடாக இருக்கும். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் 'எஸ்' எழுத்துக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் உங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒட்டாவா முகவரிக்கு எழுதலாம். குடியுரிமை கிடைக்காதவர்களும் எழுதலாம். கடிதத்துக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை.