கனம் வேறு, தடிமன் வேறு!

பெங்களூர் அவென்யூ ரோடு, சுல்தான்பேட்டைப் பக்கம் கலியாணப் பத்திரிகை அச்சடிக்கப் போகிறவர்களிடம், "எத்தனை ஜி.எஸ்.எம். வேண்டும்?" என்று கேட்பார்கள். "300" என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வருவோர் பலர். அட்டை கைக்கு வந்ததும்தான், "போன தடவையும் இதே 300தானே, இது ஏன் மெலிசாக இருக்கிறது?" என்ற சந்தேகம் எழும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது.

ஜி.எஸ்.எம். என்பது எடைக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதை மட்டுமே அது சொல்லும். தடிமனுக்குக் கணக்கு மைக்ரான். 1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்.

ஒரே எடையுள்ள பஞ்சு மூட்டையும் அரிசி மூட்டையும் ஒரே பருமனாகவா இருக்கின்றன? அட்டையும் அப்படித்தான். பளபளப்பான ஆர்ட் கார்டில் சுண்ணப் பொடியோ வெண்களிமண்ணோ பூசி, உருளைகளுக்கிடையே அழுத்துகிறார்கள். ஆகவே 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு பெரும்பாலும் 300 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். மருந்து, சோப்புப் பெட்டிகள் செய்யும் மடிப்பு அட்டையின் நடு அடுக்கு உப்பலானது. அதே எடையில் அது 400 மைக்ரானைத் தாண்டும்.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மைக்ரோமீட்டர் பழக்கமான கருவி. ஆனால் இரும்பை அளப்பதுபோல் காகிதத்தைத் திருகி அளந்தால் அது நசுங்கி, அளவு குறைத்துக் காட்டும். அதனால் காகித ஆய்வுக்கூடங்களில் தட்டையான பாதமுள்ள தனிக் கருவி உண்டு. சர்வதேசத் தரமுறைப்படி, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ என்ற நிலையான அழுத்தத்தில்தான் அளப்பார்கள்.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 100 அட்டைகளை அடுக்கி, காற்று போக உள்ளங்கையால் அழுத்தி, அளவுகோலை வைத்துப் பாருங்கள். அடுக்கு 3 சென்டிமீட்டர் என்றால் ஒரு அட்டை 300 மைக்ரான்.

எடையைச் சோதிப்பது இன்னும் எளிது. ஏ4 தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். எனவே 16 தாள்களைத் தராசில் வைத்தால் காட்டும் கிராம்தான் ஜி.எஸ்.எம். 500 தாள் கொண்ட 80 ஜி.எஸ்.எம். ரீம், மேலுறை நீங்கலாக, சுமார் இரண்டரைக் கிலோ இருக்கவேண்டும். 2 கிலோ 200 கிராமுக்கும் குறைந்தால் அது 70 ஜி.எஸ்.எம். ஆக இருக்கக்கூடும். எட்டில் ஒரு பங்கு காகிதம் குறைவு! ஈரக் காற்றில் காகிதம் நீரை உறிஞ்சும் என்பதால் சில கிராம் வித்தியாசத்தைப் பெரிதாக்க வேண்டாம்.

அலுவலகத்துக்குக் காகிதம் வாங்கும் குமாஸ்தாவானாலும் சரி, தங்கையின் கலியாணத்துக்கு அட்டை பார்க்கும் தொழிலாளியானாலும் சரி, ஜி.எஸ்.எம்., மைக்ரான், அட்டையின் வகை ஆகிய மூன்றையும் ஆர்டர் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச் சொல்லை எந்தத் தராசிலும் நிறுத்துப் பார்க்க முடியாது.