ஜன்னல் மாத்த 10 லட்சம் ரூபாயா? டொராண்டோ குளிரில் இந்தச் செலவு நிஜமாவே திரும்பக் கிடைக்குமா?

கனடாவின் டொராண்டோவில் குளிர்காலம் வந்தாலே வீட்டுக்காரர்களின் முதல் கவலை ஹீட்டிங் பில்தான். ஜனவரி, பிப்ரவரியில் சில இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரைகூட இறங்கும். இந்த நேரத்தில் வாசல் கதவைத் தட்டும் விற்பனையாளர்கள் சொல்லும் வசனம் ஒன்றுதான். "பழைய ஜன்னலை மாத்துங்க, பில் பாதியாகிடும், போட்ட காசு தானா திரும்பி வந்துடும்!"

தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் பல ஆண்டுகள் பழமையான வீடுகள் ஏராளம். இந்த வசனத்தை நம்பி கையெழுத்து போடலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

அளவு, ரகம், ஃப்ரேம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரு ஜன்னலை மாற்ற, கூலியோடு சேர்த்து சுமார் 800 முதல் 1,500 கனடா டாலர் வரை ஆகலாம். பெரிய பே விண்டோ என்றால் இன்னும் பல மடங்கு. 10, 12 ஜன்னல் உள்ள ஒரு வீட்டுக்கு 15,000 டாலர் கோட்டேஷன் வருவது சாதாரணம். இதோடு ஒன்டாரியோ மாகாணத்தின் 13% எச்.எஸ்.டி. வரி சேர்ந்தால் 16,950 டாலர். ஒரு டாலர் 60 ரூபாய் என்று வைத்தாலே 10 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும்.

ஏன் இவ்ளோ விலை?

நம்ம ஊர் ஜன்னலைப் போல ஒற்றைக் கண்ணாடி அங்கே தாங்காது. இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகளுக்கு நடுவே ஆர்கான் வாயு அடைத்து, ஓரத்தை சீல் செய்திருப்பார்கள். அறையின் சூட்டை உள்ளேயே திருப்பி அனுப்ப, கண்ணாடி மேல் 'லோ-இ' எனும் மெல்லிய பூச்சும் இருக்கும்.

பொருத்தும் முறையிலும் விலை மாறும். பழைய ஃப்ரேமை விட்டுவிட்டு, அதற்குள்ளேயே புது ஜன்னலைச் செருகுவது மலிவு. செங்கல் வரை எல்லாவற்றையும் பிரித்தெடுத்துப் புதிதாக வைப்பது செலவு அதிகம். ஆனால் பழைய மரம் உளுத்துப் போயிருந்தால் இரண்டாவது முறைதான் சரி. இல்லையென்றால் புது ஜன்னல் வந்தும் காற்று புகுந்துகொண்டே இருக்கும்.

பில் பாதியாகுமா? கணக்கு இதுதான்

வீடுகளைச் சூடாக்கவும் குளிரூட்டவும் ஆகும் எரிசக்தியில் 25 முதல் 30 சதவீதம் வரை ஜன்னல் வழியாகத்தான் வீணாகிறது என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அப்படியென்றால் ஜன்னலே இல்லாமல் சுவர் எழுப்பினாலும் பில் பாதியாகாது!

ஒரு உதாரணம். கேஸ் ஃபர்னஸ் உள்ள ஒரு வீட்டில் ஹீட்டிங்குக்கு மட்டும் ஆண்டுக்கு 1,200 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30% என்றால் 360 டாலர். புது ஜன்னல் இந்த இழப்பில் பாதிக்கு மேல் தடுத்தாலும் மிச்சம் சுமார் 200 டாலர். 16,950 டாலரை 200 ஆல் வகுத்தால் 85 ஆண்டுகள். ஜன்னலின் ஆயுளோ பொதுவாக 20 முதல் 30 ஆண்டுகள்தான்.

கடனில் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். இதே தொகையை 10% வட்டியில் 10 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 224 டாலர். மொத்தமாகக் கட்டுவது கிட்டத்தட்ட 26,900 டாலர். ஆனா ஹீட்டிங்கில் மாதம் மிச்சமாவது சராசரியா 17 டாலர்தான்!

மின்சார ஹீட்டர் உள்ள வீடுகளிலும், ஒற்றைக் கண்ணாடி உள்ள மிகப் பழைய வீடுகளிலும் மிச்சம் கூடுதலாக இருக்கும். அப்போதும் சில ஆண்டுகளில் முழுக் காசும் திரும்பி வருவது கஷ்டம்.

அப்போ எப்பதான் மாத்தணும்?

ஃப்ரேம் உளுத்துப் போனாலோ, மழைநீர் உள்ளே வந்தாலோ, திறக்க மூட முடியாமல் போனாலோ மாற்றத்தான் வேண்டும். ஜன்னல் ஓரம் உட்கார முடியாத அளவு குளிர், தெருச் சத்தம் போன்றவையும் நியாயமான காரணங்களே. வசதிக்காகச் செலவு செய்வது வேறு, 'லாபம்' என்று நம்பிக் கடன் வாங்குவது வேறு.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே மட்டும் பனிமூட்டம் போல இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஃப்ரேம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். செலவு சில நூறு டாலரில் முடியும்.

அறைப் பக்கம் கண்ணாடியில் நீர் வடிந்தால் காரணம் ஜன்னலாகவே இருக்க வேண்டியதில்லை. சமையல் ஆவி, குளியல், உள்ளே காயும் துணி என வீட்டின் ஈரப்பதமாகவும் இருக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

காற்று மட்டும் புகுந்தால் இடுக்குகளில் கால்கிங், ரப்பர் பட்டை, ஹேர் டிரையரால் சூடுபடுத்தி ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட் போதும். சில பத்து டாலரில் வேலை முடியும்.

கையெழுத்து போடும் முன் கவனிக்க வேண்டியவை

* குறைந்தது 3 கோட்டேஷன் வாங்குங்கள். உள்ளே செருகுவதா, முழுசா பிரிப்பதா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

* லேபிளைப் பாருங்கள். கனடாவில் எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற யு-ஃபேக்டர் 1.22 அல்லது அதற்குக் கீழே, அல்லது இ.ஆர். மதிப்பு 34 அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும்.

* "அரசு மானியம் இருக்கு" என்றால் நீங்களே சரிபாருங்கள். 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியத்தில், ஒரு ஜன்னலுக்குக் கிடைத்ததே 125 முதல் 250 டாலர்தான். அதற்கான புதிய விண்ணப்பங்களும் 2024-ல் நிறுத்தப்பட்டுவிட்டன.

* ஒன்டாரியோவில் ஃபர்னஸ், ஏ.சி., வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை அழைக்காமல் வீடு தேடி வந்து விற்க 2018 முதல் தடை உண்டு. அந்தப் பட்டியலில் ஜன்னல் இல்லை. ஆனாலும் வீட்டில் வைத்து ஒப்பந்தம் போட்டால், அதன் நகல் கையில் கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம்.

* காண்டோ வீடு என்றால் ஜன்னல் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. முதலில் அங்கே கேளுங்கள்.

* பேஸ்மென்ட் படுக்கையறைக்காக ஜன்னலைப் பெரிதாக்கினால் மாநகராட்சி அனுமதி கட்டாயம். தீ விபத்தில் தப்பிக்கும் வழி என்பதால் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

"இன்னைக்கே கையெழுத்து போட்டா 30% தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். உளுத்துப் போன ஒன்றிரண்டு ஜன்னலை மட்டும் இந்த ஆண்டு மாற்றிவிட்டு, மீதியை அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்த்துக்கொண்டாலும் தப்பில்லை.