‘பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்’: 1974-இல் ஓர் அஞ்சலட்டை திறந்த கதவு, நிறுவனங்களை நேரடியாக அணுகி வேலை பெறுவது எப்படி?

பெங்களூரு: வேலைவாய்ப்பு விளம்பரத்துக்காகக் காத்திருக்காமல், நிறுவனத்தையே நேரிலோ கடிதம் வாயிலாகவோ அணுகி வேலை கேட்பது பழைய வழிமுறை. இணையவழி விண்ணப்பங்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் அது வழக்கொழிந்துவிடவில்லை. இவ்வழிமுறை எப்போது பலன் தரும் என்பதை விளக்க, பெங்களூருவிலேயே 50 ஆண்டுகளுக்கு முந்தைய முன்னுதாரணம் ஒன்று உள்ளது.

அஞ்சலட்டையில் எழுந்த கேள்வி

எழுத்தாளரும் தற்போதைய மாநிலங்களவை நியமன உறுப்பினருமான சுதா மூர்த்தி, 1974-ஆம் ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கணினி அறிவியல் முதுநிலை மாணவியாக இருந்தார். அப்போது, இன்று டாடா மோட்டார்ஸ் என அறியப்படும் டெல்கோ நிறுவனம் பொறியாளர்கள் தேவை என விளம்பரம் செய்திருந்தது. பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்ற குறிப்பும் அதில் இடம்பெற்றிருந்தது.

பணி நியமனத்தில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்த சம ஊதியச் சட்டம் 1976-இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே, சுட்டிக்காட்ட அத்தகைய சட்டம் எதுவும் அன்று அவருக்கு இல்லை. அவர் ஓர் அஞ்சலட்டை எடுத்து, டாடா குழுமத் தலைவர் ஜே.ஆர்.டி. டாடாவுக்கே நேரடியாக எழுதினார். நாட்டின் அடிப்படைத் தொழில்களுக்கு வித்திட்டு, தாம் பயிலும் அறிவியல் கழகம் உருவாகவும் காரணமாக இருந்த குழுமம் பாலினப் பாகுபாடு காட்டுவது வியப்பளிக்கிறது என்பதே அதன் சாரம்.

சில நாள்களில், நிறுவனத்தின் செலவிலேயே புணேயில் நடைபெறும் நேர்காணலுக்கு வருமாறு தந்தி வந்தது. அங்குத் தொழில்நுட்பக் கேள்விகளுக்கு விடையளித்துத் தேர்வான அவர், டெல்கோவின் முதல் பெண் பொறியாளர் ஆனார்.

ஏன் பலித்தது?

அந்த அஞ்சலட்டை பலித்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, அது முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் சென்றது. இரண்டாவது, அதில் இரந்து கேட்கும் தொனி இல்லை. நிறுவனம் எதற்குப் பெயர் பெற்றதோ அதை நினைவூட்டியே கேள்வி எழுப்பப்பட்டது. மூன்றாவது, அழைப்பு வந்தபோது அவரிடம் தகுதி இருந்தது. கடிதம் நேர்காணலை மட்டுமே பெற்றுத் தந்தது. வேலையைப் பெற்றுத் தந்தது பாட அறிவு.

ஒருவரது வெற்றியை அனைவருக்குமான விதியாகக் கொள்ள இயலாது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் அருகே உள்ள நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம் நடத்திய ஆய்வை நூலாக வெளியிட்டதும் இதே 1974-ஆம் ஆண்டில்தான். அதன்படி, ஏறத்தாழ 56 சதவீதத்தினர் அறிமுகமானவர்கள் மூலமாகவும், 19 சதவீதத்தினர் நேரடி விண்ணப்பத்தின் மூலமாகவும் வேலை பெற்றிருந்தனர். விளம்பரம், முகமை போன்ற முறையான வழிகளில் வேலை பெற்றவர்களும் ஏறத்தாழ 19 சதவீதத்தினரே. எனவே, நேரடியாக அணுகும் முன், அந்நிறுவனத்தில் பணியாற்றும் முன்னாள் மாணவரோ ஊர்க்காரரோ உள்ளனரா என விசாரிப்பது பயன் தரும்.

தொழிற்பேட்டைகளில் என்ன கேட்கலாம்?

பெங்களூருவின் பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு பட்டறைகள் நாளிதழில் விளம்பரம் கொடுப்பது அரிது. வாயிலில் தொங்கும் ‘பேகாகித்தாரே’ (தேவை) என்ற கன்னடப் பலகையே அங்கு அறிவிப்பு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளிலிருந்து வருவோர் இச்சொல்லை அறிந்திருப்பது நல்லது.

ஐடிஐ, பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. தொழில் பழகுநர் சட்டம், 1961-இன் கீழ் 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது கட்டாயம். ஆகவே, ‘ஏதேனும் வேலை உள்ளதா?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘இந்த ஆண்டு பழகுநர் இடம் உள்ளதா?’ என்று கேட்பது தெளிவான பதிலைப் பெற்றுத் தரும்.

நேரில் செல்பவர்கள் காவலாளியிடம் தன்விவரக் குறிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உற்பத்தி மேற்பார்வையாளர் அல்லது மனிதவள அலுவலரின் பெயரைக் கேட்டு, அவர் பெயரிலேயே கடிதம் அளிக்கலாம். நிறுவனம் தயாரிக்கும் பொருள், அதில் தமக்குள்ள பயிற்சி, எப்போது முதல் பணிக்கு வர இயலும் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கினால் போதும். ஒரு வாரத்துக்குப் பின் ஒருமுறை நினைவூட்டலாம். நாள்தோறும் அழைப்பது எதிர்விளைவையே தரும்.

பணம் கேட்டால் எச்சரிக்கை

நேரடி அணுகுமுறையின் முதன்மையான நன்மை, இடைத்தரகர் இல்லாததே. பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, சீருடைக் கட்டணம் என எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் விலகிக்கொள்வதே பாதுகாப்பானது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்காகக் காட்டலாம். ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். இணையவழியில் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் அளிக்க வேண்டும்.

வேலை உறுதியானால் ஊதியம், பணி நேரம் ஆகியவற்றை எழுத்து வடிவில் பெறுவது அவசியம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர்களுக்குப் பணி நியமனக் கடிதம் வழங்குவதைக் கட்டாயமாக்கியுள்ளன.

தமக்கு இடமில்லை என அறிவித்த விளம்பரத்துக்கு எதிராக 1974-இல் ஒரு மாணவி செலவிட்டது ஓர் அஞ்சலட்டையின் விலை மட்டுமே. இன்று அதே முயற்சிக்குத் தேவைப்படுவது ஒரு பக்கக் கடிதம், பேருந்துக் கட்டணம், உரியவரின் பெயர் ஆகியவைதான். பதில் வராமல் போகலாம். ஆனால், தரகரிடம் கொடுத்த பணத்தைப்போல அது குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தாது.