நாலும் எட்டும் பன்னிரண்டும்

முக்கோணத்தின் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். நடுநிலைப் பள்ளிக் கணக்கில் வரும் இந்த விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட ஒரு நிமிடம் போதும். ஈர்க்குச்சிகளை வெட்டிக் கொடுத்து, எந்த மூன்று நீளங்கள் முக்கோணமாகக் கூடும் என்று பிள்ளைகளையே தேட விடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் அந்தச் செயல்பாடு பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. குச்சிகள் கூடினால் ‘ஆம்’, கூடாவிட்டால் ‘இல்லை’ என்று அட்டவணையை நிரப்பி, கீழே விதியை எழுதினால் பாடம் முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். குச்சியால் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போகும் இடம் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. வடிவியல் உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

ஒரு குழுவுக்கு 2, 4, 6, 8, 10, 12 செ.மீ. நீளத்தில் ஆறு ஈர்க்குச்சிகள் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மூன்றாக எடுத்தால் 20 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றில் ஏழு முக்கோணமாகும். இன்னொரு ஏழில் சின்னக் குச்சிகள் இரண்டும் எட்டவே எட்டாது. 2, 4, 12 எடுத்தால் நடுவில் 6 செ.மீ. வெற்றிடம் கிடக்கும். இந்தப் பதினான்கிலும் மிச்சமோ பற்றாக்குறையோ குறைந்தது 2 செ.மீ. இருப்பதால், கொஞ்சம் முன்னே பின்னே வெட்டினாலும் முடிவு மாறாது. மீதி ஆறில்தான் சிக்கல். 4, 8, 12 போல, இரண்டின் கூடுதல் மூன்றாவதற்குச் சரிசமமாக வரும் சேர்க்கைகள் அவை. ஒரு குழு ‘வருது சார்’ என்னும், பக்கத்துக் குழு ‘வராது’ என்னும். இருவர் சொல்வதும் கண்ணால் பார்த்ததுதான். 12 செ.மீ. குச்சி வெறும் 1 மி.மீ. குறைவாக வெட்டுப்பட்டிருந்தால், மற்ற இரண்டும் அதன் மேல் சுமார் 7 மி.மீ. உயரத்துக்கு எழும்பி நின்றுவிடும். கண்ணுக்குப் படாத பிழை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் முக்கோணமாகிவிடுகிறது. ஈர்க்குச்சியோ ஒரு முனையில் தடித்து, மறுமுனையில் மெலிந்து, லேசாக வளைந்தும் இருக்கும். 1 மி.மீ. பிழை வராமல் அதை வெட்டுவது பெரியவர்களுக்கே கடினம்.

‘நீ ஒழுங்காக வெட்டவில்லை’ என்று சொல்லி அந்தத் தகராறை அடக்கிவிடலாம். அப்படிச் செய்தால் ஆசிரியர் சொன்னதால் அது உண்மை என்றாகிவிடும். செயல்பாட்டால் பயன் ஒன்றுமில்லை. கவராயத்தை எடுக்கச் சொல்லலாம். 12 செ.மீ. கோட்டின் ஒரு முனையிலிருந்து 4, மறுமுனையிலிருந்து 8 என்று வில் வரைந்தால், பென்சில் கோட்டின் தடிப்பில் இரண்டும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு ஓடுவதுபோல் தெரியும். அதுவும் தீர்த்து வைக்காது. இனி யோசிப்பது ஒன்றுதான் வழி. கோட்டுக்கு வெளியே இரண்டு வில்லும் சந்திக்கும் ஒரு புள்ளி இருந்தால், அதன் வழியாகச் சுற்றிப் போகும் தூரம் 4+8, அதாவது 12. நேராகப் போனாலும் 12. சுற்று வழியும் நேர்வழியும் ஒரே நீளமாக இருக்க முடியுமா? முடியாது என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அது முதல் நிரூபணத்தைச் செய்துவிடுகிறது.

இது யாருக்குத்தான் தெரியாது, இதற்கு நிரூபணம் எதற்கு என்று கேட்கலாம். பழைய கேள்விதான். யூக்ளிட் தன் ‘மூலகங்கள்’ முதல் நூலின் 20-ஆம் தேற்றமாக இதை நிறுவினார். கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் வழியினர் அதைக் கேலி செய்தார்கள்: எதிர்மூலையில் வைக்கோலைப் போட்டால் கழுதைகூட நேராகத்தான் போகும், இதைப் போய் நிரூபிப்பானேன் என்று. இதைப் பதிவுசெய்த 5-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் புரோக்ளஸ், உண்மை என்று புலனுக்குத் தெரிவது வேறு, ஏன் உண்மை என்று அறிவது வேறு என்று பதில் சொன்னார். கழுதையின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை; நேர்வழி குறுகியது என்ற அந்த அறிவில்தான் பிள்ளையின் வாதமும் நிற்கிறது. ஆனால் 4, 8, 12 கூடுமா என்று கேட்டால் அந்த அறிவு மட்டும் போதாது. அதை எடுத்து இங்கே பொருத்தத் தெரிய வேண்டும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்ற ஆசிரியரின் மறுப்பு நியாயமானது. அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இருபது சேர்க்கைகளையும் ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியதில்லை. பங்கு போட்டால் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, 2, 4, 12 என்று கொடுத்தால் 2+12 நாலைவிடப் பெரிது என்று பார்த்துவிட்டு ‘ஆம்’ என்று எழுதிவிடும். குச்சியைக் கையாண்ட பிள்ளை நீளமானதைத் தரையில் வைத்து, சின்னவை இரண்டும் எட்டுமா என்றுதான் பார்க்கும். மூன்று முறை சரிபார்க்க வேண்டியதை ஒரே முறையில் முடித்துக்கொள்ளும் வழி அதற்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது. பிறகு அந்தத் திருத்தத்துக்காகவே தனியாக ஒரு பாடவேளை செலவாவதும் மிச்சம்.

அடுத்த நாள் 8, 12 என்று இரண்டு நீளங்களை மட்டும் கொடுத்து, மூன்றாவது எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று கேட்கலாம். 5 முதல் 19 வரை என்று முதலில் பதில் வரும். 4.1 ஆகாதா, 4.01 ஆகாதா என்று கேட்டால், குச்சி வெட்டிப் பார்க்க வழியில்லை என்பதை அவர்களே உணர்ந்து, 8-உடன் அதைக் கூட்டி 12-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள்.