இடுப்பு வலியும் நரம்புகளும்

குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிறீர்கள். இடுப்பில் ‘சுரீர்’ என்று வலி, நிமிர முடியவில்லை. “இடுப்புப் பிடித்துக்கொண்டது” என்கிறோம். பிடித்தது எது?

நம் கீழ் முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றினிடையே மெத்தைபோல் இருப்பவை வட்டுகள். ‘டிஸ்க்’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். பிதுங்கிய வட்டு நரம்பு வேரை அழுத்துவதால் கால்வரை இறங்கும் வலி உண்டாகலாம் என்பதை 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் எடுத்துக்காட்டினர். அன்று தொட்டு, இடுப்பு வலி என்றாலே வட்டின் மீதுதான் பழி!

ஆனால் 1994-இல் அமெரிக்காவில் ஒரு வியப்பான ஆய்வு வெளிவந்தது. இடுப்பு வலியே இல்லாத 98 பேரின் முதுகை எம்.ஆர்.ஐ. முறையில் படம் பிடித்திருந்தனர். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டாவது உப்பியிருந்தது. எல்லா வட்டுகளும் சீராக இருந்தோர் 36 விழுக்காட்டினரே. படத்தில் கோளாறு தெரிகிறது, ஆளுக்கோ வலியில்லை. இது எப்படி?

வலி என்பது இடுப்பில் உண்டாகி, அப்படியே மூளைக்குப் போய்ச் சேரும் சரக்கு அன்று. தசையிலும் தசைநாரிலும் வட்டின் வெளி ஓரத்திலும் உள்ள நரம்பு முனைகள் ‘இங்கே ஆபத்து’ என்று செய்தி அனுப்புகின்றன, அவ்வளவே. அதனை வலியாக உணர்வதா வேண்டாமா என்பது தண்டுவடத்திலும் மூளையிலும் முடிவாகிறது.

தண்டுவடத்தில் இச்செய்திகளுக்கு ஒரு வாயில் உண்டு என்று 1965-இல் மெல்சாக், வால் என்னும் இருவர் கூறினர். அவர்கள் சொன்ன நுணுக்கங்கள் பின்னர் திருத்தம் பெற்றன. அடிப்படைக் கருத்து நிலைத்தது. தொடு உணர்ச்சி நரம்புகள் இவ்வாயிலைச் சற்றே சாத்தும். தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கிறதல்லவா? அதில் தேய்த்த கைக்கும் பங்குண்டு! மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பும். அச்சமும் உறக்கமின்மையும் வலியைக் கூட்டுவது இவ்வழியாகவே.

வலி மாதக்கணக்கில் நீடித்தால்? ஆபத்துச் செய்தி ஓயாமல் வரும்போது தண்டுவட நரம்பணுக்கள் மிகைக் கூருணர்வு பெற்றுவிடும் என்பதை, 1983-இல் கிளிஃபோர்டு உல்ஃப் எலிகளிடம் செய்த சோதனையால் காட்டினார். வானொலியின் ஒலிக்குமிழை முழுவதும் திருகி வைத்தாற்போல, சிறு முணுமுணுப்பும் அலறலாகிவிடுகிறது. புண்பட்ட தசை ஆறிய பின்னும், வெறுமனே குனிந்தாலே வலிக்கிறது. இதனைக் கற்பனை வலி என்பது தவறு. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக, “வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்” என்று வீட்டுப் பெண்களை ஏசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

‘அசைந்தால் கெட்டுவிடும்’ என்று படுத்தே கிடப்பதும் உதவாது. இடுப்பு வலிக்காரர் சிலருக்கு 2 நாள் ஓய்வும், வேறு சிலருக்கு 7 நாள் ஓய்வும் சொல்லிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1986-இல் வெளியாயிற்று. குணமடைவதில் வேறுபாடு இல்லை. 2 நாள் ஓய்வெடுத்தவர்களே விரைவில் வேலைக்குத் திரும்பினர். மெல்ல நடந்து, சிறிது சிறிதாகக் குனிந்து பழகும்போது, இந்த அசைவால் ஆபத்தில்லை என்பதை நரம்பு மண்டலம் மீண்டும் கற்றுக்கொள்கிறது.

ஒன்றில் மட்டும் காலம் தாழ்த்தாதீர்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடைகளின் நடுவே மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே நரம்பு வேர்கள் மெய்யாகவே நசுங்கிக்கொண்டிருக்கலாம்.