ஒய்2கே: அன்று போட்ட ஒட்டு இன்னும் பிரியவில்லை

“ஒய்2கே-வா? அதெல்லாம் சும்மா கிளப்பிவிட்ட பீதி. ஒண்ணுமே நடக்கலையே!” இப்படிச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரத்துக் கர்ப்பிணிகள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அங்கே ஒரு மருத்துவமனைக் கணினி, தாயின் வயதையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு வந்தது. 2000 பிறந்ததும் அது வயதைத் தப்பாகப் போட ஆரம்பித்தது. மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. 154 பெண்களுக்குத் தவறான முடிவு போனது. ‘ஆபத்து குறைவு’ என்று சொல்லப்பட்ட நான்கு பேருக்கு டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறந்தது. தவறான கணக்கின் விளைவாக இரண்டு கருக்கலைப்புகளும் நடந்தன.

காரணம் என்னவோ சின்னதுதான். 1960, 70-களில் கணினி நினைவகம் யானை விலை. அதனால் 1967-ஐ வெறும் ‘67’ என்று எழுதி மிச்சம் பிடித்தார்கள். அந்த புரோகிராம்கள் 2000 வரை ஓடும் என்று எழுதியவர்களில் பலர் நினைக்கவில்லை. ஆனால் ஓடின. வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல் என எங்கும் கோபால் (ஆள் பெயர் இல்லை, கணினி மொழி) ஓடிக்கொண்டிருந்தது. ‘00’ என்றால் அது 2000-ஆ, 1900-ஆ என்று அதற்குத் தெரியாது. 67-ல் பிறந்தவரின் வயது, 00-லிருந்து 67-ஐக் கழித்தால், மைனஸ் 67!

முறையாகத் திருத்த, எல்லாத் தேதியையும் நான்கு இலக்கமாக்க வேண்டும். அப்படியென்றால் கோப்பு, திரை, அச்சுப் படிவம் எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். கெடுவோ நெருங்கியது. இந்திய ஐ.டி. நிறுவனங்களுக்கு அமெரிக்கக் கதவை அகலத் திறந்துவிட்ட வேலை இதுதான். பல இடங்களில் குறுக்கு வழியில் போனார்கள். தரவைத் தொடாமல், ‘00 முதல் 19 வரை 2000-கள், மற்றவை 1900-கள்’ என்பதுபோல ஒரு விதியை மட்டும் சேர்த்தார்கள். இதற்குப் பெயர் விண்டோயிங். நியாயமாகப் பார்த்தால் இது திருத்தம் இல்லை, தவணை.

இரண்டு இலக்க ஆண்டின் தொல்லை அதோடு முடியவும் இல்லை. ஸ்பிளங்க் என்ற பிரபல மென்பொருள், 2020 ஜனவரி 1 முதல் இரண்டு இலக்க ஆண்டுகளைச் சரியாகப் படிக்காது என்று 2019 கடைசியில் தெரியவந்தது. அவசரமாக பேட்ச் வெளியிட்டார்கள்.

உங்கள் லேப்டாப்பிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். எக்ஸெலின் பல பதிப்புகளில் ‘29’ என்றால் 2029, ‘30’ என்றால் 1930. வீட்டுக் கடன் முடியும் தேதியை 1/6/35 என்று தட்டியிருக்கிறீர்களா? அந்தக் கட்டத்தை ஒருமுறை கிளிக் செய்து, எந்த நூற்றாண்டு என்று பார்த்துவிடுங்கள்.